மேடையில் எலெக்ட்ரிக் கிட்டாரை மிக்ஸரில் நேரடியாகச் செருகினால் ஓசை மங்குவது ஏன்?

கேள்வி: ஆறுதந்தி

அனைவருக்கும் வணக்கம். தென்காசிப் பக்கத்தில் ஒரு மெல்லிசைக் குழுவில் இரண்டு ஆண்டுகளாகக் கிட்டார் வாசித்து வருகிறேன். எங்களுக்கு வரும் நிகழ்ச்சிகளில் பெரும்பாலானவை கோயில் கொடைகளும் திருமண வரவேற்புகளுமே. ஒலி ஏற்பாடு முழுவதையும் விழாக் குழுவினர் அமர்த்தும் மைக்செட்காரரே பார்த்துக்கொள்வார். நாங்கள் கருவிகளை மட்டும் எடுத்துச் செல்வோம். வீட்டில் 15 வாட் பயிற்சி ஆம்ப்ளிஃபையரில் மனத்துக்கு நிறைவாக ஒலிக்கும் என் கிட்டார், மேடையில் ஒவ்வொரு முறையும் என்னைக் கைவிடுகிறது.

சென்ற வாரக் கொடையில் நடந்ததை விவரமாகச் சொல்கிறேன். வண்டியில் இடம் இல்லாததால் ஆம்ப்ளிஃபையரை எடுத்துச் செல்லவில்லை. கிட்டாரின் கால் அங்குல ஜாக்கை மிக்ஸரின் லைன் துளையில் நேரடியாகச் செருகினோம். தந்தியின் அதிர்வை மின்சமிக்ஞையாக்கும் ஒற்றைச் சுருள் பிக்கப் மூன்று கொண்ட கிட்டார் அது. பெடல் எதுவும் இல்லாமல் தாளம் வாசித்தபோது, ஸ்பீக்கர் பெட்டியின் மேல் கம்பளியைப் போர்த்தியது போல ஓசை மங்கிக் கிடந்தது. டிரெபிள் குமிழை முழுவதும் திருப்பியும் இரைச்சல் கூடியதே தவிரத் தெளிவு கூடவில்லை. பிறகு ஒரு பாடலின் இடையிசைக்காக பாஸ் (Boss) நிறுவனத்தின் டிஎஸ்-1 என்னும், ஓசையை முரடாக்கும் டிஸ்டார்ஷன் பெடலை இணைத்து மிதித்தேன். தகரத்தை ஆணியால் கீறுவது போன்ற ஓசை எழுந்தது. முன்வரிசையில் அமர்ந்திருந்த பெரியவர் ஒருவர் காதைப் பொத்திக்கொண்டார். அந்தக் காட்சி இன்னும் என் கண்ணை விட்டு அகலவில்லை.

ஒன்று மட்டும் எனக்குப் புரியவில்லை. பெடலை மிதிக்காமல், இணைப்பில் மட்டும் வைத்திருந்தபோது, கிட்டாரின் இயல்பான ஓசை முன்பைவிடத் துலக்கமாகக் கேட்டது போல் இருந்தது. அது என் பிரமையா?

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கோயில் வளாகம் என்பதால் வெறுங்காலுடன் நின்றிருந்தேன். தூசி அடங்குவதற்காகச் சிமெண்டுத் தளத்தில் தண்ணீர் தெளித்திருந்தார்கள். கோரஸ் பாட மைக்கை நெருங்கியதும் உதட்டில் சுருக்கென்று மின்சாரம் தாக்கியது. பெரிதாக ஒன்றும் ஆகவில்லை. ஆனாலும் அதற்குப் பிறகு மைக்கின் அருகில் போகவே தயக்கமாக இருந்தது.

எனக்குக் கிடைக்கும் ஊதியம் சொற்பம். முதலில் எதை வாங்க வேண்டும் என்று வழிகாட்டினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

மறுமொழி: ஒலிமேசை

தம்பி, இருபது ஆண்டுகளுக்கும் மேலாக மேடை ஒலி அமைப்பில் இருக்கிறேன். முதலில் உங்கள் சந்தேகத்தைத் தீர்த்துவிடுகிறேன்: பெடலை அணைத்து வைத்திருந்தபோது ஓசை துலங்கியது பிரமை அன்று. நீங்கள் தேடும் விடையே அதற்குள்தான் இருக்கிறது.

உங்கள் பிக்கப் என்பது காந்தத்தைச் சுற்றிப் பல ஆயிரம் சுற்றுகளாகச் சுற்றிய மெல்லிய செம்புக் கம்பி. அதன் மின்தடை ஏறத்தாழ 6 கிலோ ஓம், மின்தூண்டல் ஏறத்தாழ 2.5 ஹென்றி என்று வைத்துக்கொள்ளுங்கள். மின்தூண்டல் உள்ள சுருளில் அதிர்வெண் ஏற ஏறத் தடையும் ஏறும்; 4000 ஹெர்ட்ஸில் அது 60 கிலோ ஓமைத் தாண்டிவிடும். மிக்ஸரின் லைன் துளையோ, கீபோர்டு போன்ற வலுவான கருவிகளை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டது. அதன் உள்மறுப்பு, அதாவது உள்ளே வரும் சமிக்ஞைக்கு அது காட்டும் தடை, பொதுவாக 10 முதல் 20 கிலோ ஓம் வரைதான் இருக்கும். 10 கிலோ ஓம் துளையில் உங்கள் பிக்கப்பை நேரடியாகச் செருகினால், கனத்த சுரங்களில் மின்னழுத்தத்தின் ஐந்தில் மூன்று பங்கு மிக்ஸருக்குள் போய்ச் சேரும். 1000 ஹெர்ட்ஸுக்கு மேல் அது படிப்படியாகச் சரிந்து, 4000 ஹெர்ட்ஸில் ஆறில் ஒரு பங்குகூட உருப்படியாக மிஞ்சாது. கிட்டாருக்குப் பொலிவு தரும் பகுதியே 3000 முதல் 5000 ஹெர்ட்ஸ் வரை உள்ளதுதான். அது வாசலிலேயே தொலைந்துவிடுவதால், உள்ளே டிரெபிள் குமிழைத் திருப்பும்போது மிக்ஸரின் இரைச்சல்தான் பெரிதாகும். சிலர் அடாப்டர் ஒன்றைப் போட்டு மைக் துளையிலேயே கிட்டாரைச் செருகிவிடுவார்கள். அதன் உள்மறுப்பு 2 கிலோ ஓம் அளவே என்பதால் அங்கே நிலைமை இன்னும் மோசமாகும்.

கிட்டார் ஆம்ப்ளிஃபையரின் உள்மறுப்பு வழக்கமாக 1 மெகா ஓம், அதாவது உங்கள் மிக்ஸரைப் போல் நூறு மடங்கு. வீட்டில் நன்றாக ஒலிப்பதற்கு இதுவே காரணம். 1978 முதல் விற்பனையில் உள்ள டிஎஸ்-1 போன்ற பாஸ் நிறுவனப் பெடல்களில், அணைத்த நிலையிலும் பஃபர் என்னும் சிறு மின்சுற்று வேலை செய்துகொண்டே இருக்கும். கிட்டாரின் பக்கத்தில் அது பல நூறு கிலோ ஓமாகத் தெரியும். மிக்ஸரின் பக்கத்தில் 1 கிலோ ஓம் அளவுள்ள வலுவான மூலமாக நடந்துகொள்ளும். பத்துக்கு ஒன்று என்ற இந்த விகிதத்தில் இழப்பு மிகச் சொற்பம். எனவே அடுத்த நிகழ்ச்சிக்குள் எதுவும் வாங்க முடியாவிட்டாலும், அந்தப் பெடலை இணைப்பிலிருந்து கழற்றாமல் அப்படியே வைத்திருங்கள். ட்ரூ பைபாஸ் வகைப் பெடல்கள் அணைந்ததும் வெறும் கம்பியாகிவிடுவதால், அவற்றை நம்பி இதைச் செய்ய முடியாது.

முறையான தீர்வு டிஐ பாக்ஸ்: கிட்டாரின் சமிக்ஞையை மிக்ஸரின் மைக் துளைக்கு ஏற்றதாக மாற்றித் தரும் சிறு பெட்டி. கிட்டாரிலிருந்து வரும் ஜாக் ஒரு பக்கம். மைக் கேபிள் செருகும் மூன்று முள் கன்னான் (எக்ஸ்எல்ஆர்) இணைப்பு மறுபக்கம். இதில் இரண்டு வகை உண்டு. ஆக்டிவ் வகையில் 1 மெகா ஓம் உள்மறுப்பு கொண்ட மின்சுற்று இருக்கும். 9 வோல்ட் பேட்டரியிலோ, மிக்ஸர் அனுப்பும் 48 வோல்ட் ஃபாண்டம் மின்சாரத்திலோ இயங்கும். பாஸிவ் வகையில் ஒரு சிறு மின்மாற்றி மட்டுமே இருக்கும். சுற்று விகிதம் 12:1 என்றால் மிக்ஸரின் மறுப்பு 144 மடங்காகத் தெரியும் என்பது கணக்கு. மின்மாற்றியின் சொந்த இழப்புகளால் நடைமுறையில் அதைவிடக் குறைவாகவே கிடைக்கும். உங்களுடையது பேட்டரி இல்லாத சாதாரணப் பிக்கப் என்பதால் ஆக்டிவ் வகையே பொருத்தம். பாஸிவ் வகை கீபோர்டுக்கு மிகவும் ஏற்றது.

டிஐ பாக்ஸ் எங்கே இருக்க வேண்டும் என்பதிலும் பலர் தவறுகிறார்கள். அது மிக்ஸரின் பக்கத்தில் அன்று, உங்கள் காலடியில் இருக்க வேண்டும். கிட்டார் கேபிளின் ஒவ்வொரு மீட்டரும் ஏறத்தாழ 100 பிக்கோஃபாராட் மின்தேக்கத்தைச் சுமக்கிறது; ஆறு மீட்டருக்கு மேல் போனால் அந்தச் சுமையே பொலிவைத் தின்னத் தொடங்கும். டிஐ பாக்ஸுக்குப் பிறகு போவது சமனிட்ட மைக் கேபிள். அதில் ஒரே சமிக்ஞை நேராகவும் தலைகீழாகவும் இரண்டு கம்பிகளில் பயணம் செய்து, மிக்ஸரில் ஒன்றிலிருந்து மற்றொன்று கழிக்கப்படுகிறது. வழியில் இரண்டிலும் ஒன்றுபோல் ஒட்டிய இரைச்சல் அந்தக் கழித்தலில் நீங்கிவிடுகிறது. மேடையிலிருந்து நாற்பது மீட்டர் தள்ளி வேப்பமரத்தடியில் மிக்ஸரை வைத்தாலும் கவலை இல்லை.

மறுமொழி: பழங்கிட்டார்

ஒலிமேசை ஐயா சொன்னது முழுவதும் சரி. ஆனால் அது உங்கள் முதல் சிக்கலை மட்டுமே தீர்க்கும். டிஐ பாக்ஸ் வாங்கிவிட்டேன், இனி டிஸ்டார்ஷனும் நன்றாகிவிடும் என்று எண்ணி நீங்கள் மேடை ஏறினால், அந்தப் பெரியவர் மறுபடியும் காதைப் பொத்திக்கொள்வார். ஏனெனில் அது வேறு நோய்.

டிஸ்டார்ஷன் பெடல் அலையின் உச்சியைச் சீவிவிடுகிறது. சீவப்பட்ட அலையில் கூரிய மேல் அதிர்வுகள் ஏராளமாகத் தோன்றும். கிட்டார் ஆம்ப்ளிஃபையரில் உள்ள 12 அங்குல ஸ்பீக்கர் ஏறத்தாழ 5000 ஹெர்ட்ஸுக்கு மேல் செங்குத்தாகச் சரிந்துவிடும். அதைக் குறை என்று எண்ண வேண்டாம். இசைத்தட்டுகளில் நாம் கேட்டு வளர்ந்த முரட்டுக் கிட்டார் ஓசை அந்தச் சரிவினால்தான் உருவானது. மைக்செட் பெட்டிகளில் உள்ள ஹார்னோ 15,000 ஹெர்ட்ஸ் வரை எல்லாவற்றையும் விசுவாசமாக ஒலிக்கும். ஆக, நீங்கள் ஆம்ப்ளிஃபையரை வீட்டில் விட்டு வந்தபோது, உங்கள் கருவியில் பாதியை விட்டு வந்துவிட்டீர்கள்.

என் பரிந்துரை, அந்த 15 வாட் பயிற்சி ஆம்ப்ளிஃபையரையே எப்படியாவது எடுத்துச் செல்லுங்கள் என்பதுதான். அதன் சத்தம் கூட்டத்தைச் சென்றடைய வேண்டியதில்லை. ஒரு மைக்கை அடைந்தால் போதும். கிட்டார் ஸ்பீக்கருக்கென்றே உலகமெங்கும் பயன்படுவது 1965 முதல் வரும் ஷூர் எஸ்எம்57. உங்கள் மைக்செட்காரரிடம் பாடகர்களுக்கான எஸ்எம்58 தான் இருக்கும். இரண்டும் நெருங்கிய உறவுதான், அதையே கேட்டு வாங்குங்கள். ஆம்ப்ளிஃபையரை ஒரு நாற்காலியில் வைத்து, மைக்கை வலைத்துணிக்கு இரண்டு மூன்று விரற்கடை தள்ளி நிறுத்துங்கள். கைப்பேசி விளக்கை வலைத்துணியின் மேல் அடித்தால் உள்ளே ஸ்பீக்கரின் நடுவிலுள்ள குமிழ் மூடி தெரியும். மைக்கின் முனை அந்த மூடியின் விளிம்பை நோக்கி இருக்கட்டும். நடுவை நோக்கினால் ஓசை கூர்மையாகும். வெளி ஓரத்தை நோக்கினால் மங்கும். ஓர் அங்குலம் நகர்த்தினாலே, மிக்ஸரில் எந்தக் குமிழாலும் கொண்டுவர முடியாத வேறுபாட்டைக் கேட்பீர்கள். தவில், நையாண்டி மேளம் முழங்கி ஓய்ந்த மேடையில் இந்த வேலைக்கு ஐந்து நிமிடம் கிடைப்பதே அரிது என்பது எனக்கும் தெரியும். இருந்தாலும் அந்த ஐந்து நிமிடத்தைக் கேட்டு வாங்குங்கள்.

வால்வு ஆம்ப்ளிஃபையர் யாரிடமாவது கிடைத்தால் ஓர் எச்சரிக்கை: ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டு அந்த இணைப்பை மிக்ஸருக்குக் கொடுக்கவே கூடாது. ஸ்பீக்கர் சுமை இல்லாமல் இயங்கினால் அதன் வெளியீட்டு மின்மாற்றி எரிந்துபோகும். மிக்ஸரின் துளையும் அந்த வலுவைத் தாங்காது.

மறுமொழி: ஒலிமேசை

பழங்கிட்டார் ஐயாவின் வழியில் வரும் ஓசையை நான் மறுக்கவில்லை. ஆனால் கொடை மேடையில் பாடகர்களும் தபேலாவும் ட்ரம்ஸும் ஆறடிக்குள் நெருங்கி நிற்கும்போது, கிட்டாருக்கு வைத்த மைக்கில் பாதி ட்ரம்ஸ்தான் விழும். தம்பிக்குப் பணம் குறைவு, வண்டியில் இடமும் குறைவு. அவர் ஒரே ஒரு பொருள்தான் வாங்க முடியும் என்றால், ஸ்பீக்கர் சிமுலேஷன் உள்ள சிறிய மல்டி எஃபெக்ட்ஸ் பெடலை வாங்கட்டும். ஜூம், பாஸ் நிறுவனங்களின் தொடக்கநிலைப் பெடல்களிலேயே அது உண்டு. கிட்டாரை அது சரியான மறுப்போடு ஏற்றுக்கொள்ளும். ஸ்பீக்கரின் சரிவையும் தானே செய்து தரும். மங்கலும் கீறலும் ஒன்றாகத் தீரும். பழைய கிட்டார் ரசிகர்கள் இதை ஏற்கத் தயங்குவார்கள், ஆனால் என் காதுக்கு ஆயிரம் பேர் கூட்டத்தில் வேறுபாடு தெரிந்ததில்லை.

இரண்டு செய்திகளைக் கவனியுங்கள். பெடலின் பொது அமைப்பில், வெளியீடு ஆம்ப்ளிஃபையருக்கா, மிக்ஸருக்கா என்று ஒரு தேர்வு இருக்கும். மிக்ஸருக்குப் போகும்போது ஸ்பீக்கர் சிமுலேஷன் இயங்க வேண்டும். ஆம்ப்ளிஃபையருக்குப் போகும்போது அணைந்திருக்க வேண்டும். மாறிப்போனால் ஒன்றில் கீறல், மற்றதில் இரட்டை மங்கல். அடுத்தது, இரவில் ஹெட்ஃபோனில் மெதுவான ஒலியில் நீங்கள் அமைக்கும் ஓசை மேடையில் அப்படியே வராது. குறைந்த ஒலியில் மனிதக் காது கனத்த சுரங்களையும் கூர்மையையும் குறைவாகவே உணரும். பெல் ஆய்வகத்தில் ஃபிளெட்சரும் மன்சனும் 1933 இலேயே இதை வரைபடமாக்கிவிட்டார்கள். அதனால் வீட்டில் பாஸையும் டிரெபிளையும் ஏற்றி நடுப்பகுதியைக் குடைந்துவிடுவீர்கள். மேடையில் பாஸ் கிட்டாரும் ட்ரம்ஸும் சேர்ந்ததும் உங்கள் கிட்டார் காணாமல் போகும். 500 முதல் 2000 ஹெர்ட்ஸ் வரை உள்ள நடுப்பகுதியை விட்டுக்கொடுக்காதீர்கள். எதிரொலி விளைவுகளான ரிவெர்ப், டிலே இரண்டையும் வீட்டில் வைத்ததில் பாதியாகக் குறையுங்கள். திறந்தவெளியில் எதிர்ச் சுவரிலிருந்து திரும்பிவரும் எதிரொலியே போதும்.

மறுமொழி: மூன்றாம்முள்

நான் மின்பணியாளர், இசைக்கலைஞன் அல்லன். மறுமொழி தந்த இருவரும் ஓசையைப் பற்றி அக்கறையோடு பேசியிருக்கிறீர்கள். ஆனால் கேள்வி கேட்ட தம்பி உதட்டில் மின்சாரம் தாக்கியது என்று எழுதியிருப்பதை இதுவரை யாரும் தொடவில்லை. என்னைப் பொறுத்தவரை அதுதான் முதல் கேள்வி.

அவருடைய கிட்டாரும் மைக்கும் ஒரே மிக்ஸரில் இருந்தன. கிட்டாரின் தந்திகள், அவற்றைத் தாங்கும் உலோகப் பிரிட்ஜ் வழியாக மிக்ஸரின் உலோக உடலோடு இணைந்தவை. மைக்கின் வலையும் அப்படியே. எனவே தந்திக்கும் மைக்குக்கும் இடையே மின்னழுத்தம் இருந்திருக்க வாய்ப்பில்லை. வேறுபாடு இருந்தது மிக்ஸருக்கும் அவருடைய ஈரமான வெறுங்காலுக்கும் இடையே. விரல் நுனி காய்ப்பேறி வறண்டிருப்பதால் அங்கே தெரியாதது, உதட்டில் தெரிந்துவிட்டது. அதாவது, மிக்ஸருக்கு எர்த் கிடைக்கவில்லை. இன்றைய மின்கருவிகள் பலவற்றில் இரைச்சலை வடிகட்டுவதற்காக ஃபேஸிலிருந்தும் நியூட்ரலிலிருந்தும் உலோக உடலுக்கு ஒவ்வொரு சிறு மின்தேக்கி இருக்கும். எர்த் இருந்தால் அந்தக் கசிவு மண்ணுக்குப் போய்விடும். இல்லாவிட்டால் உடல் 230 வோல்ட்டில் பாதியளவில் மிதக்கும். மின்னோட்டம் மிகச் சிறியது என்பதால் சுருக்கென்ற உணர்வோடு நின்றுவிடும். ஆனால் உள்ளே ஃபேஸ் கம்பி உரசி உடலைத் தொட்டிருந்தாலும் முதல் நொடியில் உங்களால் வேறுபாட்டை அறிய முடியாது, இரண்டாவது நொடி கிடைக்காமலும் போகலாம்.

1972 மே 3 அன்று வேல்ஸ் நாட்டின் ஸ்வான்ஸீ நகரில், ஸ்டோன் த குரோஸ் குழுவின் கிட்டார் கலைஞர் லெஸ் ஹார்வி, மேடையில் எர்த் சரியில்லாத மைக்கைத் தொட்டு மின்சாரம் தாக்கி இறந்தார். நீங்கள் தனி ஆம்ப்ளிஃபையரைக் கொண்டுபோய் வேறொரு பிளக்கில் செருகினால் அதே நிலை உங்களுக்கும் வரலாம்: தந்திகள் ஓர் அழுத்தத்திலும் மைக் மற்றோர் அழுத்தத்திலும் இருக்க, கையிலிருந்து வாய்க்கு மின்சாரம் நெஞ்சு வழியாகப் பாயும். மேடைக் கருவிகளும் மிக்ஸரும் ஒரே பலகையிலிருந்து, ஒரே ஃபேஸிலிருந்து மின்சாரம் எடுக்க வேண்டும். இரண்டு ஃபேஸ்களுக்கு இடையே உள்ளது 400 வோல்ட் என்பதை மறக்க வேண்டாம்.

நான் பல விழாக்களில் கண்ட பழுது எது தெரியுமா? நீட்டிப்புப் பெட்டியில் மூன்று துளையும் அழகாக இருக்கும்; மூடியைக் கழற்றினால் எர்த் துளைக்குப் பின்னால் கம்பியே இருக்காது. இரண்டு கம்பி வயரில் செய்த பெட்டி அது. சுவரில் எர்த் இருந்தும் பயனில்லை. மூன்று கம்பி வயரில் செய்த ஒரு பெட்டியை நீங்களே சொந்தமாக வைத்துக்கொள்ளுங்கள். வாசிக்கும் முன் மல்டிமீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து, ஒரு முனையைத் தந்தியிலும் மறுமுனையை மைக்கின் வலையிலும் வைத்துப் பாருங்கள். பிறகு மைக்கின் வலைக்கும் ஈர மண்ணில் அடித்த ஓர் இரும்புக் கம்பிக்கும் இடையே பாருங்கள். சில வோல்ட்டுக்கு மேல் காட்டினால் கசிவா, பழுதா என்று அங்கே நின்று ஆராய வேண்டாம்; எர்த் சரியாகும் வரை வாசிக்காதீர்கள். ஜெனரேட்டர் என்றால் எர்த் கம்பி அடித்திருக்கிறார்களா என்றும், பலகையில், கசிவு கண்டதும் மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி இருக்கிறதா என்றும் கேளுங்கள். கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டாம்.

கேள்வி கேட்டவர்: ஆறுதந்தி

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. மூன்றாம்முள் அண்ணா, உங்கள் மறுமொழியைப் படித்ததும் எங்கள் குழுவின் நீட்டிப்புப் பெட்டியைக் கழற்றிப் பார்த்தேன். நீங்கள் சொன்னது போலவே இரண்டு கம்பிதான். நாளையே மாற்றிவிடுகிறேன். மல்டி எஃபெக்ட்ஸ் பெடல் வாங்க முடிவு செய்துள்ளேன். இரண்டு சிறு ஐயங்கள். அதை வாங்கினாலும் டிஐ பாக்ஸ் தேவையா? மேலும், மேடையில் உர்ரென்று ஓர் இரைச்சல் எப்போதும் இருக்கிறது. கீபோர்டு வாசிக்கும் அண்ணன், பிளக்கின் எர்த் முள்ளை உடைத்துவிட்டால் அது நின்றுவிடும் என்கிறார்.

மறுமொழி: ஒலிமேசை

எர்த் முள்ளை உடைக்கவே கூடாது, தம்பி. இரைச்சல் நிற்கும், அதோடு உங்கள் பாதுகாப்பும் நின்றுவிடும். டிஐ பாக்ஸில் கிரவுண்ட் லிஃப்ட் என்று ஒரு சிறு விசை இருக்கும். இரு வழிகளில் எர்த் இணைந்து வளையமாவதால் வரும் இரைச்சலை, மின்சார எர்த்தைத் தொடாமல் சமிக்ஞைக் கேபிளில் மட்டும் துண்டித்து அது நிறுத்தும். மல்டி எஃபெக்ட்ஸ் பெடலின் வெளியீடு வலுவானது என்பதால் ஓசைத் தரத்துக்காக டிஐ தேவையில்லை. மிக்ஸர் பக்கத்திலேயே இருந்தால் லைன் துளையில் நேரடியாகச் செருகலாம். தொலைவு பத்து மீட்டரைத் தாண்டினாலோ வளைய இரைச்சல் இருந்தாலோ டிஐ வேண்டும், அதற்குப் பாஸிவ் வகையே போதும்.

முதலில் இரைச்சல் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். கிட்டாரின் வால்யூம் குமிழை முழுவதும் மூடுங்கள். இரைச்சல் அப்படியே இருந்தால் கேபிளிலோ எர்த்திலோ குறை. நின்றுவிட்டால், பிக்கப்பே அதை வாங்குகிறது. ஒற்றைச் சுருள் பிக்கப், மேடையைச் சுற்றிக் கட்டிய சீரியல் விளக்குகளின் அடாப்டர்களையும் டிம்மர்களையும் ஆன்டெனா போலக் கேட்கும். நின்ற இடத்திலேயே மெதுவாகச் சுற்றிப் பாருங்கள். ஏதோ ஒரு திசையில் இரைச்சல் ஏறக்குறைய அடங்கும். அந்தத் திசையை நோக்கி நின்று வாசியுங்கள்.

ஜாக்கைச் செருகும்போதும் உருவும்போதும், ஃபாண்டம் விசையைப் போடும்போதும் உங்கள் சேனலை மூடிவிடுமாறு மைக்செட் அண்ணனிடம் முன்பே சொல்லி வையுங்கள். பெட்டியில் டமால் என்று ஓர் ஓசை எழுந்தால் ஹார்ன் போய்விடும், அதன் செலவு அவர் தலையில்தான் விழும்.